பதினாறு காப்பி போட்டால் பதினாறு வயலின் ஆகுமா?

கோவில்பட்டியிலிருந்து ஒரு வாசகர் தான் வீட்டிலேயே செய்த இசையை அனுப்பியிருந்தார். படத்தின் உச்சக்காட்சிக்கு வருவதுபோல் இரண்டரை நிமிட ஆர்கெஸ்ட்ரா. பழைய லேப்டாப், இலவச மென்பொருள், சின்ன மிடி கீபோர்டு (எந்தக் கீயை அழுத்தினோம் என்று கணினிக்குச் சொல்வது), ஒரு ஹெட்போன், அவ்வளவுதான் முதலீடு. 2025 மார்ச்சில் இளையராஜாவின் சிம்பொனி லண்டனில் அரங்கேறிய செய்தியைப் படித்த கையோடு உட்கார்ந்தாராம். கூடவே ஒரு கேள்வி: "வயலின் ட்ராக்கைப் பதினாறு காப்பி போட்டேன் சார். சத்தம்தான் கூடுது, கூட்டம் வரலை. ஏன்?"

மெட்டு நன்றாக இருக்கிறது. செல்லோ நுழையும் இடத்தை நான் இரண்டு முறை ஓட்டிக் கேட்டேன். முரசுதான் முதல் நிமிடத்திலேயே வந்து இடிக்கிறது. கதை தொடங்குமுன் வில்லன் செத்துவிட்ட மாதிரி. அது ரசனை விஷயம். கேள்விக்கு வருவோம்.

சாம்பிள் லைப்ரரி என்றால் என்னவென்று இப்போது பலருக்கும் தெரியும். நிஜக் கலைஞர்கள் ஒவ்வொரு சுரத்தையும் மெதுவாக, ஓங்கி, இழுத்து, வெட்டி வாசித்ததைப் பதிவுசெய்து வைத்திருப்பார்கள். கீயை அழுத்தினால் அந்தப் பதிவு ஒலிக்கும். எவ்வளவு வேகமாக அழுத்தினோம் என்பதை மிடி 1 முதல் 127 வரை ஓர் எண்ணாக அனுப்பும். எந்தப் பதிவை எடுப்பது என்று மென்பொருள் அதை வைத்து முடிவுசெய்யும். சரி.

வாசகரின் வயலினும் இப்படிப்பட்ட பதிவுதான். ஆக, பதினாறு காப்பி என்பது ஒரே பதிவு பதினாறு முறை. அலைகளின் மேடு மேட்டோடும் பள்ளம் பள்ளத்தோடும் அச்சாகப் பொருந்துகின்றன. வீச்சு, அதாவது அலையின் உயரம், 16 மடங்காகிறது, அதாவது சுமார் 24 டெசிபல் கூடுகிறது. வால்யூம் குமிழைத் திருகியதற்கும் இதற்கும் துளிகூட வித்தியாசம் இல்லை. நிஜமாகப் பதினாறு பேர் வாசித்தால் அலைகள் அப்படிப் பொருந்துவதில்லை. சராசரியில் ஆற்றல்தான் 16 மடங்கு, வீச்சு வெறும் 4 மடங்கு, 12 டெசிபல். சத்தம் குறைவு, ஆனால் கூட்டம் இருக்கிறது. எங்கிருந்து வந்தது?

இந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். பள்ளியில் இரண்டு இசைக்கவைகளை வைத்து விம்மல் காட்டியிருப்பார்கள். ஒருவர் 440 ஹெர்ட்ஸ், பக்கத்து நாற்காலிக்காரர் 441 ஹெர்ட்ஸ் வாசித்தால் நொடிக்கு ஒரு முறை ஒலி பெருத்துச் சிறுக்கும். தம்புரா சுருதி சேர்ப்பவர்கள் காதால் தேடித் தேடி இல்லாமல் ஆக்குவது இந்த அலையைத்தான்.

ஆனால் வயலின் இசைக்கவை அல்ல. 440-ஐ வாசிக்கும்போது 880, 1320 என்று மேற்சுரங்களும் வரிசையாகக் கூடவே ஒலிக்கின்றன, பத்தாவது 4400. பக்கத்து ஆளுக்கு அவை 882, 1323, பத்தாவது 4410. இப்போது கணக்குப் போடுங்கள். அடிச்சுரம் நொடிக்கு ஒரு முறை விம்முகிறது, இரண்டாவது இரண்டு முறை, பத்தாவது பத்து முறை. கீழே நிதானமாக மூச்சுவிடும் அதே ஒலி மேலே படபடக்கிறது. இது இரண்டே பேருக்கு. பதினாறு பேரில் 120 ஜோடிகள் உண்டு. ஒவ்வொரு ஜோடிக்கும் தனி விம்மல். அதற்கு மேல் ஒவ்வொருவர் விரலும் நொடிக்கு ஐந்தாறு முறை அசைந்து சுருதியை ஏற்றி இறக்குகிறது. யாரும் யாரோடும் சேர்ந்து அசைவதில்லை. எந்த விம்மலும் நிலைத்து நிற்காது. காது எண்ண முயன்று, முடியாமல், 'கூட்டம்' என்று கேட்டுக்கொள்கிறது. காலை பிரேயரில் முந்நூறு பிள்ளைகள் தமிழ்த்தாய் வாழ்த்து பாடும்போது தனியாக ஒருவர் குரலும் சுருதியில் இருக்காது. தூரத்திலிருந்து கேட்டால் மேனி சிலிர்க்கும். அதே சங்கதிதான்.

வாசகர் இன்னொன்றும் செய்து பார்த்திருக்கிறார். காப்பிகளைச் சில மில்லிநொடி தள்ளித் தள்ளி வைத்தாராம். குழாய்க்குள் வாசிப்பதுபோல் ஆகிவிட்டதாம். ஆகத்தான் செய்யும். ஒரு காப்பியை 1 மில்லிநொடி தள்ளினால் 500 ஹெர்ட்ஸ் அலையில் மேட்டின்மேல் பள்ளம் வந்து விழுந்து அது அழியும். 1500, 2500 எல்லாம் கூடவே போகும். சீப்புப் பல் மாதிரி இடைவெளி விட்டு ஒலியில் ஓட்டை. தாமதம் மாறாமல் இருப்பதால் ஓட்டையும் அங்கேயே நிற்கிறது. மனிதர்கள் பிந்துவதும் உண்டு, ஆனால் ஒவ்வொரு சுரத்துக்கும் வேறு அளவில் பிந்துவார்கள்.

ஒரே ஆள் வாசித்தாலும் இரண்டு இழுப்பு ஒன்றுபோல் இராது. வில் தந்தியைப் பற்றி இழுத்து, நழுவவிட்டு, மீண்டும் பற்றுகிறது. 440 ஹெர்ட்ஸில் இது நொடிக்கு 440 முறை. இந்த ஒட்டி நழுவும் கணக்கை விரிவாக எழுதியவர்களில் ஒருவர் நம் திருச்சியில் பிறந்த சி.வி. ராமன், 1918-ல் கல்கத்தாவிலிருந்து. அதற்கு முன் பத்து ஆண்டுகள் பகலில் நிதித்துறை அதிகாரி, மற்ற நேரத்தில் ஆய்வுக்கூடம். மிருதங்கத்தையும் அவர் விடவில்லை. இன்று மிருதங்கத் தோலை ஆராய நிதி கேட்டுப் பாருங்கள், 'இதனால் என்ன பயன்?' என்ற கட்டத்திலேயே விண்ணப்பம் படுத்துவிடும் என்பது என் எண்ணம்.

அப்புறம், கடிதத்தின் கடைசி வரி. 'பிரபஞ்ச அதிர்வோடு சேரட்டும்' என்று மொத்தச் சுருதியையும் வழக்கமான 440-லிருந்து 432 ஹெர்ட்ஸுக்கு இறக்கியிருக்கிறாராம். ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை முறை என்ற எண்ணிக்கை. ஒரு நாளை 86,400 ஆக வெட்டி ஒரு துண்டுக்கு நொடி என்று பெயர் வைத்தது மனிதன். வேறு மாதிரி வெட்டியிருந்தால் 432 வேறு எண்ணாகியிருக்கும். பிரபஞ்சம் என்ன செய்யும், பாவம்! கொஞ்சம் கீழே இறக்கினால் பிடித்திருக்கிறதா, தாராளமாக இறக்குங்கள். காரணம் மட்டும் வேண்டாம்.

பதினைந்து காப்பிகளை அழித்துவிட்டு, பலர் ஒன்றாக அமர்ந்து வாசித்த பதிவை அடியில் போடுங்கள், மேலே நிஜ வயலின் ஒன்றைச் சில முறை தனித்தனியாக வாசிக்கவைத்து அடுக்குங்கள் என்று எழுதினேன். போன வாரம் புதிய வடிவம் வந்தது. தங்கை கர்நாடக வயலின் கற்கிறாளாம்; ஆறு டேக் வாசித்திருக்கிறாள். மூன்றாவதில் பழக்கதோஷத்தில் காந்தாரத்தை அசைத்துவிட்டாள், அழித்துவிடவா என்று கேட்டிருந்தார். இருக்கட்டும் என்றேன். முரசு இன்னும் அதே இடத்தில்தான் இடிக்கிறது.