கலோரிக்கு ஏன் தீ வைக்கிறீர்கள்?

கொழும்பு வெள்ளவத்தைக் கடற்கரை வீதியில் மாலை நடைக்கு என்னோடு வரும் தம்பி ஒருவர் சென்ற வாரம் முகம் வாடி நின்றார். கையில் கட்டியிருந்த ஸ்மார்ட் மணிக்கூட்டை நீட்டி, "அண்ணை, மூன்று மாதத்துக்கு முன்பு நாளொன்றுக்கு 2,400 கலோரி எரித்தேன். இப்போது அதே நடை நடந்தும் நாளுக்கு 2,200கூட வருவதில்லை. உடம்பு எரிப்பதை நிறுத்திவிட்டதா?" என்றார். எட்டுக் கிலோ குறைத்த மனிதர் வைத்தியரிடம் போகப் புறப்பட்டுவிட்டார். அவரைப் பிடித்த நோயின் பெயர் மொழிபெயர்ப்பு.

கலோரி, வெப்பம் எனப் பொருள்படும் 'கலோர்' என்ற இலத்தீன் சொல்வழி வந்தது. 1820களில் பிரெஞ்சுக்காரரான நிக்கொலா கிளெமான், ஒரு கிலோ தண்ணீரை ஒரு பாகை சூடாக்கும் வெப்பத்துக்கு இப்பெயரைத் தம் விரிவுரைகளில் வழங்கினார். பிஸ்கட் பக்கெட்டிலும் மணிக்கூட்டிலும் இருப்பது இந்தப் பெரிய கலோரிதான், ஏறத்தாழ 4.2 கிலோயூல். ஆக, அது ஓர் அளவு. துணியை எரிக்கலாம், முழத்தை எப்படி எரிப்பது?

கலோரி என்ற சொல்லையே விரட்ட நினைக்கும் நண்பர் ஒருவர் 'கனலி' என்கிறார். கனலி என்றால் சூரியன். நாளுக்கு இரண்டாயிரம் சூரியனை விழுங்கும் வயிறு எனக்கு இல்லை. பஸ்ஸும் டிக்கெட்டும் இருக்கும் வீட்டில் கலோரியும் இருந்துவிட்டுப் போகட்டும். என் வழக்கு, ஆங்கிலத்தின் 'burn' என்பதை அப்படியே பெயர்த்த 'எரிப்பு' மீது.

எரிப்புக்காரர்களின் வாதம் தெரியும். 1783ஆம் ஆண்டளவில் பிரெஞ்சு விஞ்ஞானிகளான லவோசியேயும் லாப்பிளாசும் கினிப் பன்றி ஒன்றைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்தில் வைத்து, உருகிய நீரை அளந்து, சுவாசமும் ஒருவகை மெதுவான எரிதலே என்றார்கள். ஒப்புக்கொள்கிறேன்; எரிவது மாச்சத்தும் கொழுப்பும். விஞ்ஞானத்தில் குறையில்லை, தமிழில்தான். தமிழன் உடம்பில் எரிவு என்றால் நோவு. கண் எரியும், நெஞ்சு எரியும், அயலவன் மாடி கட்டினால் வயிறு எரியும். தீராப் பசிக்கு யானைத்தீ என்று பெயர். நடந்து களைத்து வந்தவனை 'எரித்துவிட்டு வந்தான்' என்று எந்த அப்பம்மாவும் சொன்னதில்லை. செயலியின் திரையிலோ 'கலோரிகள் எரிக்கப்பட்டன'. எரிக்கப்பட்டன என்ற சொல்லை நாங்கள் வீடுகளுக்கும் கடைகளுக்கும் ஒரு நூலகத்துக்கும் எழுதிப் பழகியவர்கள். மாலை நடைக்கு அது வேண்டாம்.

இன்னொரு கேடு, எரிப்பு என்றதும் அடுப்பு நினைவுக்கு வருவது. எண் இறங்கினால் அடுப்பு அணைகிறது என்ற பயம். 'சக்திச் செலவு' என்று சொல்லிப் பாருங்கள். (தமிழகத்தார் ஆற்றல் செலவு என்று எழுதட்டும், எங்கள் பள்ளிக்கூடத்தில் சக்திதான்.) செலவு குறைந்ததற்காக யாராவது வைத்தியரிடம் ஓடுவார்களா? எட்டுக் கிலோ இளைத்த உடம்பைச் சுமந்து நடக்கச் செலவு குறைவு. சும்மா இருப்பதற்கும் குறைவு: எடை, உயரம், வயதை வைத்துக் கணிக்கும், பரவலாகப் புழங்கும் மிஃப்ளின் சூத்திரப்படி ஓய்வுச் செலவு நாளுக்குக் கிலோவுக்குப் பத்துக் கலோரி இறங்கும், அங்கேயே 80 போயிற்று. ஒரு பிறந்தநாள் வந்தால் இன்னும் ஐந்து. சாப்பாடு குறைந்த உடம்பு தானும் கொஞ்சம் சிக்கனம் பிடிக்கும். நடை பழகப் பழக நாடித்துடிப்பும் தணியும். துடிப்பை வைத்துக் கணக்குப் போடும் மணிக்கூடு அதைச் சோம்பல் என்று எண்ணிவிடுகிறது. மெலிந்த கையில் பட்டி தளர்ந்து கிடந்தால் அந்தத் துடிப்பையே பிழையாக வாசிக்கும்.

செலவு 'செல்' என்பதிலிருந்து பிறந்தது. பழந்தமிழில் அதற்குப் பயணம் என்று பொருள். தலைவன் பிரிந்துபோகத் தயங்குவது செலவழுங்கல். கால் போவதற்கும் காசு போவதற்கும் ஒரே சொல். நடைக்கு இதைவிடப் பொருத்தமாக எவர் ஆக்கித் தரப்போகிறார்?

அதே திரையில், 'active calories' என்பதற்குச் 'செயலில் உள்ள கலோரிகள்' என்று இன்னொன்று. மிச்சக் கலோரிகள் லீவில் நிற்கின்றனவா? அகராதியில் முதலில் நிற்கும் சொல்லை எடுத்து ஒட்டுகிறவர்கள், அந்த மணிக்கூட்டைக் கட்டி ஒரு நாளாவது நடந்து பார்த்திருக்கமாட்டார்கள். நடமாட்டச் செலவு, ஓய்வுச் செலவு, இரண்டும் சேர்ந்தது நாட்செலவு. தம்பிக்கு நேற்று இப்படித்தான் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். வைத்தியரை அவர் இன்னும் பார்க்கவில்லை. பட்டியில் புதிதாக ஒரு துளை போட்டுத்தரச் செருப்புத் தைப்பவரைத் தேடிக்கொண்டிருக்கிறார்.