தள்ளுகிற கையே சாத்தும் கதவு

திருத்துறைப்பூண்டி வாசகர் ஒருவர் கேட்கிறார்: "அப்பாவுக்குப் பத்து வருஷமா எதுக்களிப்பு. ராத்திரி படுத்தா தொண்டை வரைக்கும் புளிச்சுக்கிட்டு வருது. லேப்ராஸ்கோப்பி பண்ணிக்கலாம்ங்கறாங்க. பண்ணிட்டா மாத்திரையை விட்டுடலாமா?"

கடைமடைக்காரருக்கு இதை விளக்குவது சுலபம். கடல் ஏறும் நேரத்தில் ஆற்றின் குறுக்கே இருக்கும் ரெகுலேட்டரின் ஷட்டரை, அதாவது அடைப்புப் பலகையை, இறக்காவிட்டால் உப்புத் தண்ணீர் ஆற்றுக்குள் வந்துவிடும். உணவுக்குழாயின் அடியில் உள்ள தசை வளையம் அப்படியொரு ஷட்டர். அது தளர்ந்தால் அமிலம் மேலேறும். மாத்திரை ஷட்டரைத் தொடுவதில்லை. தண்ணீரின் உப்பைக் குறைக்கிறது, அவ்வளவுதான்.

ஆபரேஷனுக்கு வயிற்றில் நான்கைந்து சிறு துளைகள். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் திரையான உதரவிதானத்தில் உணவுக்குழாய் இறங்கும் ஓட்டை விரிந்திருந்தால் தைத்துச் சிறிதாக்குவார்கள். அடுத்ததுதான் எனக்குப் பிடித்த இடம். இரைப்பையின் தொளதொளத்த மேல்பகுதியை உணவுக்குழாயின் பின்னால் இழுத்து, கழுத்தில் துண்டு சுற்றுவதுபோல் ஒரு சுற்றுச் சுற்றி முன்னால் தைத்துவிடுவார்கள். இனி அவர் குனிந்து நாற்று நடுகிறார் என்று வையுங்கள். வயிற்றில் அழுத்தம் ஏறும். அமிலத்தை மேலே தள்ளும். ஆனால் சுற்றியிருப்பதும் இரைப்பைதானே! அதே அழுத்தம் அதற்குள்ளும் புகுந்து உப்பி, நடுவிலுள்ள குழாயை நெரிக்கிறது. ஷட்டரை ஏற்றி இறக்கும் ஊழியரான லஸ்கரே வேண்டாம்.

1955-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இந்தச் சுற்று ஆபரேஷனைத் தொடங்கிவைத்தவர் ருடால்ஃப் நிஸ்ஸன். 1948-இல் ஐன்ஸ்டைனின் வீங்கிய பெருந்தமனியைச் செலோஃபேன் தாளால் சுற்றியவரும் அவரே. மனிதருக்குச் சுற்றுவதில் அப்படியொரு பித்து! துளை வழியாகச் செய்வது 1991-இல் வந்தது.

பலன்? மாத்திரையில் எதுக்களிப்பு அடங்கியவர்களை வைத்து ஐரோப்பாவில் நடந்த லோட்டஸ் ஆய்வில், ஐந்தாண்டு முடிவில் ஆபரேஷன் செய்தவர்களில் 85 சதவீதம் பேர் நலம். மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் 92. ஸ்வீடனில் ஆபரேஷன் செய்துகொண்ட 2,655 பேரில் 17.7 சதவீதம் பேருக்கு எதுக்களிப்பு திரும்பியது. அவர்களில் பெரும்பாலோர் பழையபடி மாத்திரைக்கே போனார்கள். ஆக, விட்டுவிட வாய்ப்பு அதிகம், உத்தரவாதம் இல்லை.

தொல்லையும் அதே கதவால்தான். அமிலத்தை விடாதது காற்றையும் லேசில் விடாது. ஏப்பம் வராமல் வயிறு உப்பும். முதல் சில வாரம் குழைந்த சோறுதான். கோலி சோடா குடித்து ஏப்பம் விடும் நம்மூர் வைத்தியம் இனிச் செல்லாது (முன்பும் அது வைத்தியமில்லை, சோடாவோடு உள்ளே போன காற்றுதான் திரும்பி வந்தது).

எண்டோஸ்கோபி மட்டும் பார்த்துவிட்டுத் தேதி குறிக்க அப்பாவை விடாதீர்கள். விழுங்கும் பலத்தை அளக்கும் மானோமெட்ரியும் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பலம் குறைவாக இருந்தால் முழுச்சுற்றுக் கதவைத் தள்ளிக்கொண்டு சோறு இறங்கத் திணறலாம்; அவருக்குப் பெரும்பாலும் முக்கால் சுற்றுதான் சரி.