காலை 95, மதியம் 62: வியர்வைக்கு எது வசதி?

"காலையில் ஈரப்பதம் 95 சதவீதம், மதியம் 62. அப்படியானால் மதியம் ஓடினால்தானே வியர்வை சீக்கிரம் காயும்?" சிங்கப்பூரின் பிடோக் நீர்த்தேக்கத்தைச் சுற்றி ஓடும் வாசகர் ஒருவரின் கேள்வி. ஓடும்போது போட பருத்திச் சட்டையா பாலியெஸ்டரா என்றும் கேட்டிருக்கிறார்.

வியர்வை ஆவியாகும்போது உடம்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும் என்பது பள்ளிப் பாடம். ஒரு லிட்டர் முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் போய்விடும். தரையில் சொட்டிய வியர்வை இந்தக் கணக்கில் சேராது.

சரி, ஈரப்பதத்துக்கு வருவோம். அந்தச் சதவீதம் ஆளை ஏமாற்றும். அப்போதைய வெப்பநிலையில் காற்றில் அதிகபட்சம் இருக்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு இருக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. சூடு ஏறினால் அந்த உச்சவரம்பும் ஏறிவிடும். காலை 25 டிகிரியில் 95 சதவீதம் என்றால் நீராவியின் அழுத்தம் சுமார் 3 கிலோபாஸ்கல். மதியம் 32 டிகிரியில் 62 சதவீதம் என்றாலும் ஏறக்குறைய அதே 3தான்! வியர்வையில் நனைந்த 35 டிகிரித் தோலின் மேலோ 5.6. இந்த 5.6-க்கும் 3-க்கும் உள்ள இடைவெளிதான் வியர்வையைக் கிளப்பிவிடுகிறது. காலையில் காற்று 100 சதவீதம் நிறைந்திருந்தாலும், தோல் அதைவிடச் சூடாக இருப்பதால் வியர்வை ஆவியாகத்தான் செய்யும். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. அதே 32 டிகிரியில், ஈரப்பதம் 20 சதவீதமே உள்ள வறண்ட ஊரில் இந்த இடைவெளி 4.6-ஐத் தாண்டிவிடும். நம் ஊரில் இடைவெளி குறைவு; சட்டை பிழியப் பிழிய நனைவது அதனால்தான்.

ஆக, ஆவியாவதில் மதியத்துக்குப் பெரிய லாபம் இல்லை. வெயில் உடம்பில் ஏற்றும் சூடோ முழுக்க நஷ்டம். வெப்பநிலை, ஈரப்பதம், காற்று, வெயில் நான்கையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்ப அழுத்த அளவு 2023 ஜூலையிலிருந்து சிங்கப்பூர் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மைஇஎன்வி (myENV) செயலியில் கிடைக்கிறது. அது 33 டிகிரியைத் தொட்டால் 'அதிகம்'. அன்று ஓட்டத்தை மாலைக்குத் தள்ளிவையுங்கள்.

அப்புறம் சட்டை. பருத்தி நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். நனைந்தால் நூல் இடுக்குகள் அடைபட்டு உடம்போடு ஒட்டும். பாலியெஸ்டர் இழை நீரைக் குடிப்பதே இல்லை எனலாம். இழைகளுக்கு நடுவே உள்ள சந்துகளில் வியர்வை பரவி மேற்பரப்புக்கு வந்து காயும். விளம்பரங்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளும். துணியின் வெளிப்புறத்தில் காயும் வியர்வை, ஆவியாகத் தேவையான வெப்பத்தில் ஒரு பகுதியைத் தோலிலிருந்து எடுக்காமல் சுற்றியுள்ள காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அந்த அளவுக்குக் குளிர்ச்சி வீண். எனவே விலையைப் பார்க்காமல் மெல்லியதாக, தொளதொளவென்று, காற்று புகும் சட்டையாகப் பாருங்கள். கையில்லாத பனியன் இன்னும் நல்லது.

உடம்பு இளைக்க வேண்டும் என்று பிளாஸ்டிக் உடையைப் போட்டுக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். அதில் குறைவது தண்ணீர்; இரண்டு பாட்டில் குடித்தால் எடை திரும்பிவிடும். 1997-இன் கடைசி இரண்டு மாதங்களில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் எடை குறைக்கும் முயற்சியில் இறந்தார்கள். ஆவி வெளியேறாத உடையோடு சூட்டில் பயிற்சி செய்ததும் அந்த முயற்சியில் அடக்கம்.

பாலியெஸ்டரின் குறை வாடை. பருத்தியைவிட அதில் வியர்வை நாற்றம் அதிகம் தங்கும். ஓடிவிட்டு எம்ஆர்டி ரயிலில் ஏறுவதாக இருந்தால் பையில் ஒரு மாற்றுச் சட்டை இருக்கட்டும். நனைந்ததை அன்றைக்கே துவைத்துவிடுங்கள்.