சர்க்கரை நோய்க் கணக்கெடுப்புக்கு உங்கள் வீட்டுக்கு வந்தால்

உலக சுகாதார நிறுவனம் வகுத்துத் தந்த ‘ஸ்டெப்ஸ்’ முறைப்படி பல நாட்டு அரசுகள் வீடு வீடாகச் சுகாதாரக் கணக்கெடுப்பு நடத்துகின்றன. சர்க்கரை நோய் யாருக்கு வர வாய்ப்பு அதிகம் என்று கண்டறிவது அதன் நோக்கங்களில் ஒன்று. பெரும்பாலும் 18 முதல் 69 வயதுக்காரர்களிடம் எடுப்பார்கள்.

மூன்று படிகள். முதலில் புகை, மது, காய்கறி பழம், உடலுழைப்பு பற்றிய கேள்விகள். அப்புறம் உயரம், எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம். அழுத்தத்தை மூன்று முறை பார்த்து, கடைசி இரண்டின் சராசரியைத்தான் எடுத்துக்கொள்வார்கள். முதல் முறை பட்டை இறுகும்போது படபடப்பில் சிலருக்கு ஏறிவிடும். மூன்றாவது, விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம். அதற்கு முந்தைய இரவிலிருந்து வெறும் வயிறாக இருக்க வேண்டும், தண்ணீர் மட்டும் குடிக்கலாம். தெரியாமல் எதையாவது சாப்பிட்டுவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்கு ஒருவர்தான், அதுவும் குலுக்கல் போலத் தேர்வாகும். “அப்பா வேலைக்குப் போயிருக்கார், நான் சொல்றேனே” என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், திரும்பவும் வருவார்கள். பகலில் வீட்டில் இருப்பவர்களை மட்டுமே அளந்தால் வேலைக்குப் போகிறவர்களின் உடல்நிலை விடுபட்டுப் போகும்.

எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது ஒன்று. ‘சர்க்கரை இருப்பதாக டாக்டர் சொல்லியிருக்கிறாரா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று சொன்னவருக்கே சில சமயம் வெறும் வயிற்றில் ஒரு டெசிலிட்டர் (100 மில்லி) ரத்தத்தில் சர்க்கரை 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ, அதாவது சர்க்கரை நோய்க்கான அளவில், வரும். இவர் எந்த ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலும் இருக்க மாட்டார். கேள்வியோடு நிறுத்தியிருந்தால் நோய் இல்லாதவர் கணக்கில்தான் சேர்ந்திருப்பார்.

தரவைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். தினமும் நடக்கிறவர்களிடம் சர்க்கரை அதிகம் என்று எண்கள் காட்டலாம். நடப்பதால் நோய் வந்ததா என்ன? நோய் வந்தபின் டாக்டர் சொல்லி நடக்கத் தொடங்கியவர்களாக அவர்கள் இருக்கலாம். ஒரே ஒரு நாள் பார்த்த கணக்கில் எது முன், எது பின் என்று தெரியாது. அதனால்தான் ஏற்கெனவே நோய் தெரிந்தவர்களையும் புதிதாகத் தெரியவந்தவர்களையும் பிரித்து, ஒத்த வயதுக்காரர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

உங்கள் சம்மதம் இல்லாமல் எதையும் எடுக்கக் கூடாது. பிடிக்காத கேள்வியை விட்டுவிடலாம், பாதியில் விலகவும் செய்யலாம். அளவுகளை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் சர்க்கரை 126-ஓ அதற்கு மேலோ இருந்தால் அதை வைத்தே நோய் என்று முடிவு கட்ட வேண்டாம். தாளை டாக்டரிடம் காட்டி, வேறொரு நாள் ஆய்வகத்தில் மறுபடியும் பரிசோதித்து உறுதி செய்துகொள்ளுங்கள்.