சமச்சீரும் கோட்டமும்: சொல் விளக்கம்

மொரீஷியசில் தைப்பூசக் காவடி கட்டும்போது அதன் இரு முனைகளிலும் பால் நிறைத்த பித்தளைச் செம்பு ஒவ்வொன்றாகக் கட்டுவோம். ஒன்றில் பால் சற்றுக் கூடினாலும் சுமப்பவரின் தோள் சொல்லிவிடும். 'சிமெட்ரி' என்றால் என்ன என்று மாணவர்கள் கேட்கும்போது நான் காட்டுவது இதைத்தான். இங்கே பிள்ளைகள் அறிவியலை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள்; வீட்டில் கிரியோல் பேசுகிறார்கள். தமிழ்ச் சொல்லை நாம்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

சிமெட்ரி கிரேக்க வழிச் சொல். 'சின்' என்றால் உடன், 'மெத்ரோன்' என்றால் அளவு. தமிழில் சமச்சீர், பண்பைக் குறிக்கச் சமச்சீர்மை. "சமன்செய்து சீர்தூக்கும் கோல்" என்று தராசைச் சொல்லும் குறளில் (118) சமனும் சீரும் அடுத்தடுத்தே நிற்கின்றன. காவடியின் 'கா'வுக்கும் தோளில் சுமக்கும் தண்டு, துலாக்கோல் என இரு பொருளும் உண்டு.

இயற்பியலில் பொருள் இன்னும் கூர்மையாகிறது: ஒரு மாற்றத்தைச் செய்த பின்னும் மாறாதிருப்பதே சமச்சீர். வலச்செம்பையும் இடச்செம்பையும் மாற்றிக் கட்டினாலும் காவடி அதே காவடிதான். இயற்கை விதிகள் நேற்றும் இன்றும் ஒன்றே என்ற காலச் சமச்சீரிலிருந்துதான் ஆற்றல் அழியாமை பிறக்கிறது என்று கணிதவியலாளர் எம்மி நோதர் 1918-இல் நிறுவினார்.

ஆற்றலுக்கும் பொருளுக்கும் (பருப்பொருளுக்கும்) வருவோம். குறைந்தது 10.22 லட்சம் எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள காமா கதிர், அணுக்கருவின் அருகே ஓர் எலக்ட்ரானும் ஒரு பாசிட்ரானுமாக மாறலாம். இரண்டுக்கும் நிறை ஒன்றே, மின்னூட்டம் எதிரெதிர்; எலக்ட்ரான் பொருள், பாசிட்ரான் அதன் எதிர்ப்பொருள். மீண்டும் சந்தித்தால் இரண்டும் கதிராகிவிடும். செம்புகள் சேர்ந்தே நிறைகின்றன, சேர்ந்தே காலியாகின்றன. இந்தக் கணக்குப்படி, பேரண்டத்தின் தொடக்கத்தில் தோன்றிய பொருளும் எதிர்ப்பொருளும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு ஒளி மட்டுமே எஞ்சியிருக்க வேண்டும். ஆனால் ஏறத்தாழ 100 கோடிக்கு 1 என்ற அளவில் பொருள் கூடுதலாக இருந்தது. செம்பும் பாலும் சுமக்கும் தோளும் அந்த மிச்சத்தால் ஆனவை. கேயான் என்னும் நுண்துகள்களின் சிதைவில், பொருளையும் எதிர்ப்பொருளையும் சற்றே வேறாக நடத்தும் ஒரு சிறு சாய்வை 1964-இல் கண்டுபிடித்தார்கள். இவ்வளவு மிச்சத்துக்கு அது போதாது.

இந்தச் சாய்வை நூல்கள் சமச்சீரின்மை என்கின்றன. பிழையில்லை. ஆயினும் 'இன்மை' ஒன்று இல்லாததைச் சொல்கிறது. இங்கே சாய்வு என்ற ஒன்று உண்மையாகவே இருக்கிறது. அதே குறள் "ஒருபால் கோடாமை" என்கிறது. கோடுதல் என்றால் ஒருபக்கம் வளைதல். அடுத்த குறளிலேயே 'சொற்கோட்டம்' வருகிறது. ஆகவே கோட்டம் என்பதே பொருத்தம் என்பேன். அச்சொல்லுக்குக் கோயில் என்ற பொருளும் இருப்பதால், 'பொருள்–எதிர்ப்பொருள் கோட்டம்' என்று அடைகொடுத்தே எழுத வேண்டும்.