குவளைக்குள் உருளும் பகடை

கல்லூரியில் படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "தந்திரம் பொம்பளைங்களுக்குக் கூடவே பிறந்ததுன்னு எங்க வீட்டுல சொல்றாங்க. இதுக்கு அறிவியல் ஆதாரம் இருக்கா சார்?"

முதலில் பொய்யை அளக்க வேண்டுமே. "பொய் சொல்வீர்களா?" என்று கேட்டால், அந்தப் பதிலே பொய்யாக இருக்கலாம். முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் நமக்கு வராது. 2006இல் இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மனிதர்களின் கணிப்பு 54 சதவீதம்தான் சரி. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 50 வரும்.

எனக்கு மிகவும் பிடித்த வழி, சுவிட்சர்லாந்தில் ஊர்ஸ் ஃபிஷ்பாக்கரும் ஃபிரான்சிஸ்கா ஃபொல்மி-ஹூசியும் செய்து 2013இல் வெளியிட்ட சோதனை. ஒரு குவளைக்குள் பகடை. நீங்கள் குலுக்கி, மேலே உள்ள சின்னத் துளை வழியாகப் பார்க்கிறீர்கள். வேறு யாரும் பார்க்கவில்லை. விழுந்த எண்ணைச் சொன்னால் அத்தனை ஃபிராங்க் கையில் கிடைக்கும். 6 என்றால் மட்டும் ஒன்றும் கிடையாது.

நீங்கள் பொய் சொன்னீர்களா என்பது யாருக்குமே தெரியாது. ஆனால் கூட்டமாகப் பார்த்தால் தெரிந்துவிடும்! எல்லோரும் உண்மை பேசினால் ஒவ்வோர் எண்ணையும் ஏறக்குறைய 17 சதவீதம் பேர் சொல்ல வேண்டும். 5 விழுந்ததாகச் சொன்னவர்களோ சுமார் 35 சதவீதம். அதைவிட ருசியான விஷயம், 4 என்று சொன்னவர்களும் கணக்குக்கு மேல் இருந்தார்கள். கொஞ்சம் பொய், கொஞ்சம் நல்ல பெயர். யாரையும் காட்டிக்கொடுக்காமல் பொய்யை எண்ணிவிட்டார்கள். குவளை, பகடை, கொஞ்சம் பணம், அவ்வளவுதான் செலவு.

சரி, ஆணா பெண்ணா? இதுபோன்ற 565 சோதனைகளில் கலந்துகொண்ட சுமார் 44,000 பேரின் முடிவுகளை 2019இல் ஒன்றுசேர்த்தார்கள். பொய் சொன்ன ஆண்கள் 42 சதவீதம், பெண்கள் 38. வித்தியாசம் சின்னதுதான். ஆனால் உங்கள் வீட்டில் சொல்வதற்கு நேர் எதிர்த் திசையில் இருக்கிறது.

அப்புறம் ஏன் இந்தப் பேச்சு? அண்ணன் அப்பாவின் பையில் காசு எடுத்தால் "திருட்டுப் பயல்" என்பார்கள். பழி அவனோடு நின்றுவிடும். அதையே தங்கை செய்தால் "பொம்பளப் புத்தி". ஒருத்தியின் தப்பு எல்லாப் பெண்கள் கணக்கிலும் ஏறிவிடுகிறது.

என் அம்மா கடுகு டப்பாவுக்குள் நோட்டுகளை மடித்து வைத்திருப்பார். அதைக் கள்ளத்தனம் என்று சொந்தக்காரர்கள் பேசி நானே கேட்டிருக்கிறேன். அது எங்கள் பரீட்சைக் கட்டணம். அப்பாவின் பணம் சட்டைப் பையிலேயே இருந்தது, அதை யாரிடமும் அவர் ஒளிக்க வேண்டியிருக்கவில்லை.