வைகை எங்கே முடிகிறது?

மதுரை ஏ.வி. பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று, "ஆத்துல தண்ணி வந்துருச்சு" என்று சொல்கிறோம். எந்தத் தண்ணீர் என்று யாரும் கேட்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் செம்மண் கலங்கலாக வருவதில் பெரும்பங்கு வருசநாட்டு மலையில் பெய்த மழை. ஆனியில் மதுரை காய்ந்து கிடக்கும்போது கள்ளந்திரிக் கால்வாயில் ஓடுவது கேரளத்து மலையில் பெய்து, மேற்கே போகவேண்டியதைக் கிழக்கே திருப்பிவிட்ட தண்ணீர். கோடையில் பாலத்தடியில் கறுத்து நிற்பது நகரத்துச் சாக்கடை. வைகை எப்படி இயங்குகிறது என்று புரியவேண்டுமானால் இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கவேண்டும்.

முதலில் நிலத்தின் சாய்வு. தென்னிந்தியா மேற்கே தூக்கி, கிழக்கே தாழ்த்தி வைத்த பலகை போன்றது. மேற்குத் தொடர்ச்சி மலை அரபிக்கடலை ஒட்டியே எழுந்து நிற்பதால், அதன் முகட்டில் விழும் மழையில் மேற்குச் சரிவில் விழுந்தது குறுகிய தூரத்தில் கடலுக்குப் போய்விடுகிறது. கிழக்குச் சரிவில் விழுந்தது வங்கக்கடல் வரை நெடுந்தூரம் நடக்கவேண்டும். காவிரி ஏறத்தாழ 800 கி.மீ., வைகை 258 கி.மீ., தாமிரபரணி ஏறத்தாழ 128 கி.மீ. என்று எல்லாம் கிழக்கே போவது இதனால்தான். மலையில் இடைவெளி இருக்கும் இடத்தில் கதை மாறும். ஆனைமலையில் தமிழகப் பக்கம் பிறக்கும் பாரதப்புழை, பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கே நழுவிவிடுகிறது.

தாமிரபரணி குட்டையான ஆறு. ஆனாலும் ஆண்டு முழுவதும் ஓடுகிறது. அதைவிட இரண்டு மடங்கு நீளமான வைகை ஓடுவதில்லை. நீளத்துக்கும் நீருக்கும் தொடர்பில்லை. எந்த மழை எந்தச் சரிவில் விழுகிறது என்பதே கணக்கு. தாமிரபரணி பிறக்கும் பொதிகைக்குத் தென்மேற்குப் பருவமழையும் கிடைக்கிறது, வடகிழக்கும் கிடைக்கிறது. வைகை பிறக்கும் வருசநாடு, மேகமலைப் பகுதியோ உயர்ந்த முகடுகளுக்குக் கிழக்கே மறைந்திருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று முகட்டின் அந்தப் பக்கமே பாரத்தை இறக்கிவிட்டு, இந்தப் பக்கம் வெறுங்காற்றாக இறங்குகிறது. கீழிறங்கும் காற்று அழுத்தப்பட்டுச் சூடாகும். சூடான காற்றில் ஈரம் மேகமாகத் திரளாது. கம்பம் பள்ளத்தாக்கில் ஆடிக் காற்று அள்ளிக்கொண்டு போவதும் மழை எட்டிப் பார்க்காததும் ஒரே காரணத்தால்தான். அதனால் மூல வைகை பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்கு மழையை நம்பிய ஆறு. மதுரையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 850 மி.மீ. மழை, அதில் ஏறத்தாழப் பாதி அந்த மூன்று மாதங்களில் சில நாட்களில் கொட்டித் தீர்வது.

ஆற்றின் பாதையும் மலைகள் வகுத்ததுதான். மூல வைகை பிறந்தவுடன் கிழக்கே போவதில்லை. வருசநாட்டுப் பள்ளத்தாக்கு வழியாக வடக்கே ஏறுகிறது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து சுருளியாறும், போடிப் பக்கமிருந்து கொட்டக்குடி ஆறும் தேனி வட்டாரத்தில் சேர்கின்றன. பெரியகுளத்து வராக நதியும் கொடைக்கானல் மலையடிவாரத்து மஞ்சளாறு, மருதாநதியும் வடக்கிலிருந்து வந்து கலக்கின்றன. ஆண்டிபட்டிக்கு அருகே வைகை அணையைத் தாண்டியதும் வடகிழக்காகப் போகும் ஆற்றைச் சிறுமலை மறித்துத் தென்கிழக்கே திருப்புகிறது. சிறுமலைக்கும் நாகமலைக்கும் நடுவே சோழவந்தான் வழியாக மதுரைக்குள் நுழைகிறது.

1895-இல் இந்த ஆற்றோடு இன்னோர் ஆறு இணைக்கப்பட்டது. பெரியாறு மேற்கே பாயும் ஆறு, 244 கி.மீ. ஓடி அரபிக்கடலில் சேர்வது. அதன் குறுக்கே ஜான் பென்னிகுயிக் தலைமையில் 1887-இல் தொடங்கி 1895-இல் முடிந்த முல்லைப்பெரியாறு அணையின் வேலை, ஆற்றை நிறுத்துவது மட்டுமல்ல. தண்ணீரை மேலே தூக்குவதுதான் முக்கிய வேலை. தேங்கிய நீர் தேக்கடிப் பள்ளத்தாக்குக்குள் பின்வாங்கி ஏறி, முகட்டில் குடைந்த ஏறத்தாழ ஒன்றே முக்கால் கிலோமீட்டர்ச் சுரங்கத்தின் வாயைத் தொடவேண்டும். அணையில் 104 அடிக்குக் கீழ் உள்ள தண்ணீர் இந்தப் பக்கம் வராது என்று சொல்வது இதனால்தான். வாய் அந்த உயரத்தில் இருக்கிறது. எனவே அணையில் தேக்க உச்சநீதிமன்றம் வைத்த "142 அடி" வரம்பில் நமக்குப் பயன்படுவது மேலே உள்ள 38 அடி மட்டுமே. சுரங்கத்தைத் தாண்டிய நீர் நான்கு ராட்சதக் குழாய்களில் லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு இறங்குகிறது. குழாய் ஒன்றுக்கு விநாடிக்கு 400 கன அடி என்று வைத்தால், நான்கும் சேர்ந்து 1,600. அணை எவ்வளவு நிரம்பியிருந்தாலும் இந்தக் குழாய்கள் கொள்வதற்கு மேல் மின்நிலையம் வழியாக வராது. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்குப் போக மிச்சம் வைகை அணைக்கு வருகிறது.

1959-இல் திறந்த வைகை அணையில் முழுக் கொள்ளளவு மட்டம் 71 அடி. கொள்ளளவு ஏறத்தாழ 6 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. நாளிதழில் தினமும் வரும் மட்டக் கணக்கை வாசிக்க ஒன்றை மனதில் வைக்கவேண்டும்: அணை ஒரு வாளி அல்ல, ஒரு கிண்ணம். அடியில் குறுகி மேலே விரியும் பள்ளத்தாக்கில் 30-லிருந்து 35 அடிக்கு ஏறத் தேவையான நீரைவிட, 66-லிருந்து 71-க்கு ஏற வேண்டியது பல மடங்கு அதிகம். "பாதி மட்டம் இருக்கே" என்றால் பாதித் தண்ணீர் இருக்கிறது என்று பொருளல்ல. அதைவிட மிகக் குறைவு. 66 அடியில் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5-இல் இரண்டாவது, 69-இல் மூன்றாவது. உசிலம்பட்டிப் பக்கத்து 58 கிராமக் கால்வாயின் வாய் உயரத்தில் இருப்பதால் 67 அடியைத் தொட்டால்தான் அதற்குள் தண்ணீர் ஏறும். அணை நிறையாத ஆண்டில் அந்தக் கால்வாய் காய்ந்தே கிடப்பதற்கு இந்த உயரமே காரணம்.

அணையிலிருந்து விடும் நீரை எப்படி எண்ணுவது? விநாடிக்கு ஒரு கன அடி என்பது ஏறத்தாழ 28 லிட்டர். ஒரு நாளில் 86,400 கன அடி. பேரணையிலிருந்து (வைகை அணைக்குக் கீழே ஆற்றின் குறுக்கே உள்ள தடுப்பணை) கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோகப் பாசனத்துக்கு விநாடிக்கு 900 கன அடி வீதம் விடுவார்கள். நாளொன்றுக்கு 7.78 கோடி கன அடி. 45 நாள் தொடர்ந்து விட்டால் மூன்றரை டி.எம்.சி. போய்விடும். மிச்ச 75 நாள் முறை வைத்து, அதாவது விட்டு விட்டுத் திறப்பது, இருக்கும் நீர் கட்டுப்படியாக வேண்டும் என்பதால்தான். மேலூர்ப் பக்கம் 85,563 ஏக்கரும் திருமங்கலம் கால்வாயின் 19,439 ஏக்கரும் ஒருபோகம். அவற்றுக்குத் தண்ணீர் பிறகுதான்.

இதெல்லாம் புதிய ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு. ஆற்றின் பழைய உரிமை வேறு: வைகைப் பூர்வீகப் பாசனம், 1,36,109 ஏக்கர். பேரணையிலிருந்து விரகனூர் வரை முதல் பகுதி, 27,529 ஏக்கர். விரகனூரிலிருந்து பார்த்திபனூர் வரை இரண்டாம் பகுதி, 40,743. அதற்குக் கீழே ராமநாதபுரம் வரை மூன்றாம் பகுதி, 67,837. பாதிப் பாசனம் வால்பகுதியில் இருப்பதைக் கவனியுங்கள். அதனால்தான் நீர் திறக்கும்போது கடைசிப் பகுதிக்கு முதலில் கொடுத்து, மேலே ஏறி வருவது வழக்கம். தலையில் இருப்பவருக்கு முதலில் கொடுத்தால் வாலுக்கு மிஞ்சாது என்பது ஆற்றங்கரையில் எல்லோரும் அறிந்த பாடம்.

வழியில் மணலும் தன் பங்கை எடுக்கும். காய்ந்த மணலில் ஒரு கன மீட்டருக்குள் ஏறத்தாழ 300 லிட்டர் புகும் இடுக்கு இருக்கிறது. சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் இறங்க ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவிலிருக்கும் அணையில் சில நாட்கள் முன்கூட்டியே திறந்துவிடுவது இதற்காகத்தான். முதலில் வரும் நீரை மணல் குடித்து முடித்த பிறகே மேலே ஓட்டம் தெரியும். குடித்தது வீணில்லை. ஆற்றுக்குள் இறக்கிய உறிஞ்சு கிணறுகளுக்கும் கரையோரத் தோட்டக் கிணறுகளுக்கும் ஊறுவது அந்த நீர்தான். மணலை அள்ளினால் இரண்டு இழப்பு. நீர் தங்கும் இடம் போகிறது, படுகையும் தாழ்கிறது. படுகை இரண்டடி தாழ்ந்தால், ஆற்றிலிருந்து பிரியும் கால்வாயின் தலை ஆற்றுநீரைவிட உயரத்தில் நின்றுவிடும். முன்பு இடுப்பளவு ஓட்டத்தில் தானாக ஏறிய வாய்க்கால், பெருவெள்ளத்தில்தான் நீர் பார்க்கும். வைகையில் கால்வாய்த் தலைகள் செத்துப்போக முக்கியக் காரணங்களில் இது ஒன்று.

மதுரைக்குக் கிழக்கே நிலம் ஏறத்தாழத் தட்டை. கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்தான் சரிவு. வரைபடத்தில் வைகை ஒரு நீலக்கோடு. ஆனால் மண்ணில் அது ஒரு மரம். கிளைகளெல்லாம் வாய்க்கால், இலைகளெல்லாம் கண்மாய். பாண்டிநாட்டுச் சமவெளியில் ஆழ்ந்த பள்ளத்தாக்கு கிடையாது, பாறை அணை கட்ட முடியாது. அதனால் சரிவுக்குக் குறுக்கே பிறைபோல மண்கரை எழுப்பி, மூன்று பக்கம் கரை, மேற்குப் பக்கம் திறப்பு என்று கண்மாய் கட்டினார்கள். அதன் உறுப்புகள் சில: நீர் வரும் வரத்துக்கால், நீர் பரவும் உள்வாய், கரை, வயலுக்குத் திறக்கும் மடை, மிஞ்சியது வழியும் கலுங்கு. பழைய குமிழித் தூம்பில் மேலே ஒரு துளை, கீழே ஒரு துளை இருக்கும். மேல்துளை நீரோடி, கீழ்த்துளை சேறோடி. தண்ணீரோடு அடிச்சேறும் கொஞ்சம் கொஞ்சமாக வயலுக்குப் போய் உரமாகும். கண்மாயைத் தூரெடுக்கும் வேலையில் ஒரு பங்கு தினசரி நடந்துகொண்டே இருந்தது என்பதே இதன் அழகு.

மேல் கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாக மறுகால் பாயும். அந்த மறுகால்தான் கீழ் ஊரின் வரத்துக்கால். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி போனாலும் கீழே உள்ளதெல்லாம் வறளும். கலுங்கில் நட்ட கற்களுக்கிடையே பலகையும் மண்ணும் அடைத்து, பருவக் கடைசியில் அரையடி உயர்த்தித் தேக்குவது ஊர் வழக்கம். அதையே பருவத் தொடக்கத்தில் செய்தால் கீழ் ஊருக்குப் போகவேண்டிய நீர் நின்றுவிடும். ஊர்ச்சண்டை அங்கேதான் பிறக்கும். உயர்த்தியது கரையின் பலத்தைத் தாண்டினால் பெருமழையில் கரை உடையும். ஒரு கண்மாய் உடைந்தால் அதன் முழு நீரும் ஒரே இரவில் அடுத்த கண்மாய்மேல் விழும், அதுவும் உடையும்.

வண்டலின் விலையையும் கணக்கிடலாம். 100 ஏக்கர் உள்வாயில் ஓரடி வண்டல் படிந்தால் 43.56 லட்சம் கன அடி இடம் போச்சு. ஓர் ஏக்கர் நெல்லுக்கு ஏறத்தாழ நாலடித் தண்ணீர், அதாவது 1.74 லட்சம் கன அடி வேண்டும். ஓரடி வண்டல் 25 ஏக்கர் நெல்லை விழுங்குகிறது. தூர்வாரும்போது கரையடியில் பள்ளம் தோண்டுவது தவறு. கரையின் கால் பலவீனமாகும். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய குழியில் நிற்கும் நீரும் வயலுக்கு வராது. மாட்டுக்கும் நிலத்தடி ஊற்றுக்கும் மட்டும் உதவும். உள்வாய் சீமைக்கருவேல் காடானால் ஓட்டம் தடைபட்டு, மேலே வண்டல் படிவதும் கூடும்.

மதுரை நகரத்தில் சேதம் வேறு வகை. மாடக்குளம், செல்லூர், வண்டியூர்க் கண்மாய்கள் பெயரளவில் இருந்தாலும் வரத்துக்கால்கள் தெருவாகவும் சாக்கடையாகவும் மாறிவிட்டன. நாகமலைப் பக்கமிருந்து நகருக்குள் வந்த கிருதுமால் நதி சாக்கடை வடிகாலாகிவிட்டது. வெள்ளம் போகும் பாதை அடைபட்டால் அதே வெள்ளம் பாதையில் கட்டிய வீட்டுக்குள் வரும்.

கீழே ராமநாதபுரம் பெரிய கண்மாய்தான் வைகையின் நடைமுறை முடிவு. அதற்கு அப்பால் மிஞ்சியது ஆற்றங்கரை என்ற ஊரருகே பாக் நீரிணையில் சேரும். பக்கத்திலுள்ள அழகன்குளம் பழந்தமிழ்த் துறைமுகம். வைகை கடலுக்குப் போவது மிகுமழை ஆண்டுகளில்தான். "வைகைத் தண்ணீர் கடலுக்கு வீணாகப் போகிறது" என்று பேசுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். வெள்ள ஆண்டில் முகத்துவாரத்தில் நன்னீர் தள்ளுவதால்தான் கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறாமல் கொஞ்சம் தடுக்கப்படுகிறது. மணலும் வண்டலும் கரையோரத்துக்குப் போய்ச் சேருகின்றன.

உங்கள் ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர் வரவில்லை என்றால், கண்மாயில் தேடாதீர்கள். வரத்துக்காலைப் பிடித்து மேற்கே நடங்கள். சாலைக் குழாய்ப் பாலத்தின் அடிமட்டம் காலின் மட்டத்தைவிட உயர்ந்திருக்கிறதா, மேல் கண்மாயின் கலுங்கில் புதுச் சிமென்ட் ஏறியிருக்கிறதா, ஆற்றில் பிரியும் தலைமதகின் வாசல் படுகையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். ஒரு நீளமான குழாயில் தண்ணீர் நிரப்பி இரு முனையையும் இரண்டு இடத்தில் பிடித்தால் எந்த இடம் மேடு என்று அரையங்குலம் வரை தெரிந்துவிடும். கொத்தனார் வீட்டில் மட்டம் பார்க்கும் அதே முறைதான்.